கெட்டால்தான் கலைஞனா?

கலைஞன் கெட்டுப்போக வேண்டும் என்று சொல்லும் ஒரு கட்சி உலகமெங்கும் இருக்கிறது. அவன் குடிக்க வேண்டும். குடும்பத்தைக் கைவிட வேண்டும். முடிந்தால் நாற்பது வயதுக்குள் செத்தும் போக வேண்டும். அப்போதுதான் அவன் எழுத்தில் ஆழமும், பாட்டில் இருளும், ஓவியத்தில் உண்மையும் வந்து சேருமாம். ஒழுங்காகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, காலையில் எழுந்து மேஜைக்கு முன்னால் உட்காருகிறவனை இந்தக் கட்சிக்காரர்கள் கலைஞன் என்றே ஒப்புக்கொள்வதில்லை, குமாஸ்தா என்பார்கள். நான் இந்தக் கட்சிக்குப் பரம விரோதி. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சொந்த வழக்கே உண்டு. ஆனால் இன்று அதைப் பேசப்போவதில்லை. எதிர்க்கட்சியார் தங்களுக்குச் சாதகமான சாட்சி என்று அடிக்கடி கூட்டிவருகிற ஓர் ஆங்கிலப் பாட்டுக் கோஷ்டியையே குறுக்கு விசாரணை செய்யப்போகிறேன்.

அந்தக் கோஷ்டியின் பெயர் டெபெஷ் மோட். பெயர் பிரெஞ்சு, ஒரு பிரெஞ்சு நாகரிகப் பத்திரிகையின் பெயரை எடுத்துத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். ஆட்கள் இங்கிலாந்துக்காரர்கள். எஸெக்ஸ் பகுதியில் பாஸில்டன் என்று ஓர் ஊர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு லண்டனின் ஜனநெருக்கடியைக் குறைப்பதற்காக 1949இல் சர்க்கார் தீர்மானித்துக் கட்டிய புதுநகரங்களில் ஒன்று. அந்த ஊரில் 1980இல் நான்கு வாலிபர்கள் சேர்ந்தார்கள்: வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃபிளெட்சர், டேவ் கஹான். கோருக்கு ஒரு பாங்கில் உத்தியோகம். ஃபிளெட்சருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில். கித்தாரை ஓரமாக வைத்துவிட்டு, ஸிந்தஸைஸர் என்ற மின்சார வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள். கஹான் பாடினார். கிளார்க் பாட்டு எழுதினார். டேனியல் மில்லர் என்பவர் நடத்திவந்த மியூட் என்ற சின்னஞ்சிறு கம்பெனி அவர்களுடைய இசைத்தட்டுக்களை வெளியிட்டது. 1981இல் வந்த 'ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்' என்ற பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் எட்டாவது இடத்துக்கு ஏறிற்று. துள்ளிக் குதிக்கிற பாட்டு. துக்கத்தின் வாடையே அதில் கிடையாது.

இதே கோஷ்டி ஐந்து வருஷத்தில், 1986இல், 'பிளாக் செலிப்ரேஷன்' என்ற தொகுப்பை வெளியிட்டது. பெயரிலேயே கருமை. 1990இல் 'வயலேட்டர்'. 1993இல் 'சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன்'. பாவம், குற்றவுணர்வு, ஆசை, சாவு, கடவுளோடு வழக்கு இவைதாம் விஷயங்கள். மேளம் கனத்தது; குரல் தாழ்ந்தது; வேகம் குறைந்தது. மிட்டாய் விற்றுக்கொண்டிருந்த கடையில் மருந்து விற்க ஆரம்பித்த மாதிரி.

இந்த மாற்றம் எப்படி வந்தது? எதிர்க்கட்சியாரிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. "பாடகன் டேவ் கஹான் ஹெராயினுக்கு அடிமையானான், நரகத்தைக் கண்டான், 1996இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் ஓட்டலில் போதைமருந்து மிதமிஞ்சிப்போய் அவன் இருதயமே இரண்டு நிமிஷம் நின்று போயிற்று. அந்த நரகத்திலிருந்துதான் அந்தப் பாட்டு வந்தது. நீ காலையில் காப்பி குடித்துவிட்டு எழுதுகிற எழுத்தில் அந்த இருள் எங்கிருந்து வரும்?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

கதை உருக்கமாகத்தான் இருக்கிறது. அதில் ஒரே ஒரு குறை. தேதிகள் ஒத்துவரவில்லை.

1981இன் கடைசியில் வின்ஸ் கிளார்க் விலகிக்கொண்டார். விளம்பரமும் ஊர் ஊராகச் சுற்றுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பாட்டெழுதும் பொறுப்பு மார்ட்டின் கோர் தலையில் விழுந்தது. இந்தக் கோர் யார்? குதூகலம் ததும்பிய அந்த முதல் தொகுப்பிலேயே அவர் பங்குக்கு இரண்டு உருப்படிகள் இருந்தன. ஒன்று வெறும் வாத்திய இசை. மற்றதன் பெயர் 'டோரா! டோரா! டோரா!' ஜப்பானிய விமானங்கள் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது அனுப்பிய சங்கேத வார்த்தை அது. சுற்றி மூன்று பேர் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கையில் 20 வயசு பாங்கு குமாஸ்தா ஒருவன் யுத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். இருள் அவனுக்கு வெளியிலிருந்து ஊசி வழியாக வந்து சேரவில்லை. அது அவன் சுபாவம். சிலருக்குச் சிரிப்பு சுபாவம். சிலருக்கு யோசனை சுபாவம். இதற்கெல்லாம் போதைமருந்து எதற்கு?

சுபாவம் மட்டும் இருந்தால் பாட்டு வந்துவிடாது. துக்க சுபாவம் உள்ளவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்தச் சுபாவத்துக்கு ஓசை உருவம் கொடுக்க வேலை தெரிந்தவன் வேண்டும். 1982இல் ஆலன் வைல்டர் வந்து சேர்ந்தார். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வந்தவர். முறையாகப் பியானோ பயின்றவர். இதற்குப் பிறகு இவர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். 1983இல் லண்டனில் ஷோர்டிட்ச் பகுதியில் சுத்தியலும் ஒலிப்பதிவுக் கருவியுமாக அலைந்தார்கள். பாழடைந்த இடங்களில் கிடந்த குழாய்களையும் தகரங்களையும் தட்டித் தட்டிப் பதிவு செய்தார்கள். அந்த ஓசைகளை யந்திரத்தில் ஏற்றி, சுருதி மாற்றி, தாளமாக அடுக்கினார்கள். பெர்லினில், அன்றைக்கு நகரத்தை இரண்டாகப் பிளந்து நின்ற சுவருக்கு அருகில், ஹான்ஸா என்ற ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. பதிவு செய்த ஓசையை அங்கே பெரிய கூடத்தில் ஒலிபெருக்கி வழியாக முழங்கவிட்டு, அந்தக் கூடத்தின் எதிரொலியோடு சேர்த்து மறுபடியும் பதிவு செய்தார்கள். இந்தப் பாட்டுக்களைக் கேட்கும்போது ஆளில்லாத பெரிய கட்டிடத்தில் தனியாக நிற்பது போல் ஒரு நடுக்கம் வருகிறதல்லவா? வாஸ்தவமாகவே ஒரு பெரிய கட்டிடத்துக்குள் போய்வந்த ஓசை அது. காரணம் போதை அல்ல, கட்டிடம்!

இன்னொன்று சொல்கிறேன். 1986இல் வந்த 'ஸ்ட்ரிப்ட்' என்ற பாட்டின் அடியில் ஒரு மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும்; ஏதோ மிருகம் தூக்கத்தில் உறுமுகிற மாதிரி. அது ஒரு மோட்டார் சைக்கிள். நிறுத்திவைத்த நிலையில் ஓடும் அதன் எஞ்சின் ஓசையைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, மேளத்துக்குப் பதிலாக வைத்தார்கள். 'பர்ஸனல் ஜீஸஸ்' என்ற 1989ஆம் வருஷத்துப் பாட்டில் பூமி அதிர யாரோ மிதித்து நடக்கிற ஓசை கேட்கும். வாத்தியங்களை வைத்து எடுத்துச் செல்கிற கெட்டியான பெட்டிகளின் மேல் ஏறி ஆட்கள் குதித்த சத்தம்தான் அது. இத்தாலியில் மிலான் நகரத்தில், வளர்ந்த ஆண்பிள்ளைகள் பெட்டியின் மேல் ஏறிக் குதிக்கிறார்கள். சரியாக வரும்வரை குதிக்கிறார்கள். பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். கேட்கிறவனுக்கோ மயிர்க்கூச்செறிகிறது. கலை என்றால் இதுதான். உள்ளே நின்று பார்த்தால் வேலை; வெளியே நின்று பார்த்தால் மாயம்.

இவர்களுடைய பாட்டுக்களில் மிகப் பிரசித்தமானது, 1990இல் வந்த 'என்ஜாய் தி ஸைலன்ஸ்'. கோர் அதை முதலில் எதை வைத்துப் பாடிக் கொண்டுவந்தார் தெரியுமா? ஆர்மோனியம். நம் பஜனை மடங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் துருத்தி போட்டு வாசித்தோமே, அந்த ஜாதி வாத்தியம்தான். மெதுவாக, விளம்ப காலத்தில், ஒரு தாலாட்டுப் போலப் பாடியிருந்தார். வேகமாக்கிப் பார்க்கலாம் என்று வைல்டர் சொன்னார். மௌனத்தைப் பற்றிய பாட்டுக்கு வேகம் பொருந்தாது என்று கோர் மறுத்தார். ஃப்ளட் என்ற புனைபெயர் கொண்ட தயாரிப்பாளர் வைல்டர் பக்கம் நின்றார். விவாதம் நடந்தது, கடைசியில் கோர் இணங்கினார். பாட்டு உலகத்தைச் சுற்றி வந்தது. அந்தப் பாட்டில் இருக்கிற சோகம் மூன்று நான்கு பேர் அறிவோடு தர்க்கம் செய்து கண்டுபிடித்த சோகம். மயக்கத்தில் இருக்கிறவனால் இப்படித் தர்க்கம் செய்ய முடியுமா? அதைவிட, தர்க்கத்தில் தோற்ற பின்னும் கூடவே உட்கார்ந்து வேலை செய்யத்தான் முடியுமா?

அவர்கள் சந்நியாசிகளாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. குடித்தார்கள், கூத்தடித்தார்கள். ஆனால் 'பிளாக் செலிப்ரேஷன்' தொகுப்புக்காக ஓய்வு நாளே இல்லாமல் மாதக்கணக்கில் தொடர்ந்து உழைத்தார்கள். 1988 ஜூன் 18இல் அமெரிக்காவில் பாஸடினா நகரத்து விளையாட்டு அரங்கில் 60,000க்கு மேற்பட்டவர்கள் கூடி நின்று இவர்களுடைய இருண்ட பாட்டுக்களைக் கேட்டார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தின் 101ஆவது கச்சேரி அது. டேவ் கஹானை ஹெராயின் முழுசாகப் பிடித்துக்கொண்டது இதற்கெல்லாம் பிறகு. 'வயலேட்டர்' வெற்றி பெற்று, அவர் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய பிறகு. இருள் முன்னே வந்தது. நரகம் பின்னே வந்தது. பின்னே வந்தது முன்னே வந்ததைப் பெற்றெடுத்தது என்கிறீர்களே, இது என்ன பிரசவம், ஐயா?

"சரி, 1993ஆம் வருஷத்துத் தொகுப்பு? அது நரகத்துக்கு நடுவில் பிறந்ததுதானே? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பட்டியலில் முதலிடம் பிடித்ததே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிடித்தது, நல்ல தொகுப்பும்கூட. ஆனால் அது எப்படிப் பிறந்தது? 1992இல் ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, எல்லோரும் ஒன்றாகத் தங்கி வேலை செய்யலாம் என்று போனார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காத நிலை. அந்த முதல் கட்டத்தில் வேலை ஓடவே இல்லை. பிறகு ஹாம்பர்க் நகரத்துக்கு இடம் மாறி, வைல்டரும் ஃப்ளட்டும் நாள்கணக்கில் உட்கார்ந்து இழைத்து இழைத்து அதைக் கரைசேர்த்தார்கள். பாட்டுக்களை எழுதியவர் கோர். கஹான் உணர்ச்சியோடு பாடினார்; மறுக்கவில்லை. அந்தக் குரல் மருந்தினால் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? பத்து வருஷ மேடைப் பழக்கம் அந்தத் தொண்டைக்கு இருந்தது என்பதற்கு என்னால் அத்தாட்சி காட்ட முடியும்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1993 மேயிலிருந்து 1994 ஜூலை வரை 150க்கு மேற்பட்ட கச்சேரிகள். ஃபிளெட்சர் மனம் நொந்து பாதியில் ஊர் திரும்பினார். கோருக்கு வலிப்பு வந்தது. 1995 ஜூனில் ஆலன் வைல்டர் விலகினார். தாம் செய்த வேலையின் அளவுக்கு உள்ளே மதிப்பில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்த வாக்கியத்தை எதிர்க்கட்சியார் மனப்பாடம் செய்ய வேண்டும். இருளைச் செங்கல் செங்கலாகக் கட்டிய கொத்தனார் மதிப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்; நீங்களோ அந்த வீட்டில் விழுந்து கிடந்த ஒருவரைக் காட்டி, 'ஆகா, இவர் விழுந்ததனால்தான் வீடு எழும்பிற்று' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள்!

அந்த நரகம் கலைக்குக் கொடுத்தது என்ன? 1996இல் அடுத்த தொகுப்புக்காக நியூயார்க்கில் கூடினார்கள். வாரக்கணக்கில் முயன்றும் பாடகரிடமிருந்து உபயோகமாகத் தேறிய குரல் ஒரே ஒரு பாட்டுக்குத்தான். அதுவும் பல தடவை பாடியதிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்டியது. மே மாதம் அந்த ஓட்டல் அறைச் சம்பவம். கைது, கோர்ட்டு, சிகிச்சை. அவர் தெளிந்து எழுந்து, பாட்டு ஆசிரியை ஒருவரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு பாடிய பிறகுதான் 'அல்ட்ரா' என்ற அந்தத் தொகுப்பு 1997இல் வெளிவந்தது; பிரிட்டனில் முதலிடமும் பெற்றது. நரகம் கொடுத்தது ஒட்டுப்போட்ட ஒரு பாட்டு. தெளிவு கொடுத்தது மிச்சம் அத்தனையும். கணக்கு இதுதான். கூட்டிப் பாருங்கள்.

தெளிந்தபின் ஊற்று வற்றிவிட்டதா? அதுவும் இல்லை. அதுவரை பிறர் எழுதியதைப் பாடிக்கொண்டிருந்த கஹான், தெளிந்த பிறகுதான் தாமே பாட்டெழுதக் கற்றுக்கொண்டார். 2005இல் வந்த தொகுப்பில் அவர் பங்காக மூன்று பாட்டுக்கள் சேர்ந்தன. கோர் 2006 வாக்கில் குடியை நிறுத்தினார். அவர் பேனா நிற்கவில்லை. அதற்குப் பின் வந்த பாட்டுக்களிலும் இருள் அப்படியே இருக்கிறது. பாட்டிலை எடுத்துவிட்டால் இருளும் போய்விடும் என்றீர்களே, போகவில்லையே!

துள்ளல் பாட்டு எழுதிய வின்ஸ் கிளார்க்கை இந்த இடத்தில் மறக்கலாகாது. அவரை ஏதோ குழந்தை விளையாட்டுக்காரர் என்று சொல்லிச் சிலர் ஒதுக்குகிறார்கள். விலகிப் போனவர் அலிஸன் மோயெட் என்ற பாடகியோடு யாஸூ என்ற ஜோடியை அமைத்தார்; 1985இல் ஆண்டி பெல்லுடன் இரேஷர் என்ற ஜோடியை ஆரம்பித்து, பல பத்தாண்டுகள் உற்சாகமான பாட்டுக்களைச் செய்துவந்தார். மகிழ்ச்சியைப் பாட்டாக்குவதும் லேசான வேலையல்ல. கோருக்கே இது தெரியும். முப்பது வருஷம் கழித்து அவர்கள் இருவரும் மறுபடி சேர்ந்து, 2012இல் ஒரு வாத்திய இசைத் தொகுப்பு வெளியிட்டார்கள். இருளை எழுதியவனும் வெளிச்சத்தை எழுதியவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். இவர்களுக்குள் உயர்வு தாழ்வு கற்பிக்கிறவர்கள் ரசிகர்கள்தாம்.

இந்தப் பொய் யாருக்கு உதவுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்திரிகைக்காரனுக்கு உதவுகிறது, வேலையைப் பற்றி எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள், வீழ்ச்சியைப் பற்றி எழுதினால் வாங்குவார்கள். இசைத்தட்டுக் கம்பெனிக்கு உதவுகிறது; செத்தவன் சரக்கு நன்றாக விற்கும். சோம்பேறிக்கு ரொம்பவும் உதவுகிறது. ஒரு பக்கத்தைப் பன்னிரண்டு தடவை திருத்தி எழுதுவதைவிடப் பன்னிரண்டு கிளாஸ் குடிப்பது சுலபம் அல்லவா? எல்லோரையும்விட அதிகமாக ரசிகனுக்கு உதவுகிறது. தான் பத்திரமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தனக்காக இன்னொருவன் நரகத்துக்குப் போய்வர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ரோமாபுரியில் மனிதனைச் சிங்கத்துக்கு முன் தள்ளி வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கூட்டம் தன்னைக் கலாரசிகர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நஷ்டம் யாருக்கு? இருபது வயசில் கவிதை எழுதத் தொடங்குகிற பையனுக்கு. தன் எழுத்தில் ஏதோ போதவில்லை என்று அவனுக்குத் தெரிகிறது. போதாதது உழைப்பு என்று சொல்ல ஆளில்லை. 'நீ இன்னும் கெடவில்லை' என்று சொல்லத்தான் ஆள் இருக்கிறது. அவன் நம்பிவிடுகிறான். நம் தமிழ்நாட்டிலும் இப்படி நம்பியவர்களைப் பார்த்தாயிற்று. எழுதியது கொஞ்சம், கெட்டது அதிகம். அவர்களைக் கெடுத்த வாய்கள் அனுதாபக் கூட்டத்தில் நீளமாகப் பேசின.

கடைசியாக ஒரு சாட்சியம். கொள்ளைநோய்க் காலத்தில் கோர் ஒரு தொகுப்புக்கான பாட்டுக்களை எழுதிவந்தார். 'மெமென்டோ மோரி' என்று அதற்கு லத்தீனில் பெயர். சாவு உண்டு என்பதை நினைவில் வை என்று அர்த்தம். பெயரும் முடிவாகிவிட்டது, பாட்டுக்களில் பெரும்பாலானவையும் எழுதியாகிவிட்டன. அதற்கப்புறம், 2022 மே 26இல், 60 வயதில், ஆண்டி ஃபிளெட்சர் திடீரென்று இறந்துபோனார். 2023 மார்ச்சில் தொகுப்பு வெளிவந்தபோது, ஃபிளெட்சரின் சாவுதான் அந்தப் பாட்டுக்களுக்கு ஊற்று என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சாவுக்கும் முன்னாலேயே அவை எழுதப்பட்டுவிட்டன. நண்பன் சாக வேண்டும் என்று சாவைப் பற்றிய பாட்டு காத்திருக்கவில்லை. யோசிக்கத் தெரிந்த ஒருவர், அறுபது வயசை நெருங்குகையில், தெளிந்த மூளையோடு வீட்டில் உட்கார்ந்து சாவைப் பற்றி யோசித்தார், எழுதினார். சாவு பிறகு தானாக வந்தது. அது யாருக்கும் பாட்டு எழுதிக்கொடுக்க வரவில்லை. ஒரு நல்ல மனிதரைக் கொண்டுபோக வந்தது.

ஆகவே தம்பி, உனக்கு இருளைப் பற்றி எழுத வேண்டுமானால் தாராளமாக எழுது. அதற்கு வேண்டிய இருள் ஒவ்வொரு மனிதனுக்கும் பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. கடைக்குப் போய் வாங்க வேண்டியதில்லை. ஒரு சுத்தியலை எடு. எந்தத் தகரம் எப்படி ஒலிக்கிறது என்று தட்டிப் பார். அதற்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டும்.